வரைபடத்தில் திருத்திய வீடு

மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அந்தக் கதவு உட்புறமாகத் திறப்பது. விழுந்தவர் கதவை ஒட்டியே கிடந்ததால், தாழ்ப்பாளை உடைத்த பிறகும் எங்களால் அதைத் திறக்க முடியவில்லை. தள்ளத் தள்ள அவருடைய இடுப்பில்தான் இடித்தது. தச்சர் வந்து கதவின் மேற்பாதியை அறுத்தெடுத்த பிறகே உள்ளே இறங்க முடிந்தது. இப்போது தாம்பரத்தை அடுத்து ஒரு சிறிய மனையில் வீடு கட்டவிருக்கிறோம். பொறியாளர் கொடுத்த முதல் வரைபடத்திலும் குளியலறைக் கதவு உள்நோக்கியே திறந்தது. நான் முதலில் திருத்தியது அதைத்தான். வெளிப்புறமாகத் திறக்கும் கதவு, வெளியிலிருந்தும் விடுவிக்கக்கூடிய தாழ்ப்பாள், வாசற்படி மேடு இல்லாத சொரசொரப்பான தரை, கழிப்பிடத்தின் அருகே சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடி: இவை யாவும் கட்டும்போதே செய்தால் பெரிய செலவில்லை, கட்டி முடித்த பிறகு செய்தால் ஓடுகளை உடைக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் வீடும் உடல்நலமும் பற்றி 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நெரிசல், குளிர், வெப்பம், வீட்டுக்குள் நேரும் காயங்கள், நடமாட்டம் குறைந்தவர்களுக்கு ஏற்ற அமைப்பு ஆகியவற்றையே முதன்மையாகப் பேசுகின்றன. குளிர் நம் ஊருக்குப் பொருந்தாது. வெப்பம் மிகவும் பொருந்தும்.

நாங்கள் இப்போது இருப்பது மேல்மாடிக் குடியிருப்பு. பகல் முழுவதும் வெயிலை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் கான்கிரீட் தளம், இரவில் நாங்கள் படுக்கும் நேரத்தில்தான் அதைத் திருப்பித் தருகிறது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. அம்மா மே மாதம் முழுவதும் சரியாக உறங்கியதே இல்லை. உறக்கம் கெட்டால் மறுநாள் அவருக்கு நடை தடுமாறுகிறது, எரிச்சலும் அழுகையும் வருகின்றன. ஆகவே புதிய வீட்டின் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்டு, அதன்மேல் வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸ் பதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் படுக்கையறை தென்கிழக்கு மூலைக்கு மாறியிருக்கிறது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. தெற்குச் சுவரில் அந்த மாதங்களில் நேர் வெயில் விழுவதில்லை. மேற்கு வெயிலோ தாழ்வாகச் சாய்ந்து வருவதால் இரண்டடி சன்ஷேட் அதைத் தடுக்காது. எனவே மாடிப்படி, பொருள் வைக்கும் அறை, குளியலறை ஆகியவற்றை மேற்கே தள்ளினோம். கோடையில் நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து எழும் கடற்காற்று ஜன்னலைத் தேடி வரும். ஆனால் வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்று நுழையாது. அதனால் எதிர்ச் சுவரின் உச்சியில் ஒரு வென்டிலேட்டர் கேட்டேன். கொசுவலை காற்றின் வேகத்தைக் குறைக்கும் என்று தெரிந்தே, டெங்குவை நினைத்து எல்லா ஜன்னல்களுக்கும் வலை போட்டு, ஜன்னல்களைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டோம்.

மனநலத்தைப் பற்றி வரைபடத்தில் ஒரு கோடும் இல்லை. விழுந்தபின் அம்மா மூன்று மாதம் படுத்திருந்த அறையின் ஜன்னல், கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் குறுகலான இடைவெளியை நோக்கியது. அங்கே பகலா மாலையா என்றே தெரியாது. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு அப்போது அடிக்கடி நினைவுக்கு வந்தது. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. மரம் ஒரு மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எலும்பு கூடிய பிறகும் அம்மாவின் பேச்சு திரும்ப நெடுநாள் ஆனதற்கு அந்த ஜன்னலும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். புதிய அறையின் ஜன்னல் பக்கத்து மனையின் வேப்பமரத்தைப் பார்க்கிறது. படுத்தபடியே தெரிவதற்காக அதன் அடிவிளிம்பைத் தரையிலிருந்து இரண்டடிக்கு இறக்கி, கம்பி போடச் சொன்னோம்.

திண்ணைக்குத்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. கார் நிறுத்தும் இடம் குறைகிறது என்றார் பொறியாளர். ஊரில் அம்மா வளர்ந்த வீட்டில் திண்ணை இருந்தது. கீரை விற்பவர் கூடையை இறக்கி வைப்பதும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் புத்தகப் பையைப் போடுவதும் அங்கேதான். உள்ளே யாரையும் அழைக்காமலும், யாரையும் விட்டுவிடாமலும் ஒரு முதியவர் ஊரோடு இருக்க அந்த மூன்றடி அகலம் போதும். இறுதியில் கார் இடத்திலிருந்து மூன்றடி வாங்கினோம். உயரத்தை முடிவு செய்ய அம்மாவை வீட்டிலுள்ள நாற்காலி, முக்காலி, கட்டில் எல்லாவற்றிலும் உட்காரவைத்துப் பார்த்தேன். பதினெட்டு அங்குலத்தில் சுவரைப் பிடிக்காமல் தானாக எழுந்தார். அதையே வரைபடத்தில் எழுதியிருக்கிறோம்.