டர்போவா, பெரிய எஞ்சினா: சாமுராயை 1.3-இலிருந்து 1.6-க்கு மாற்றிப் பார்த்த அனுபவம்

சுசுகியின் சிறிய நாற்சக்கர இயக்க வண்டியான சாமுராயின் 1324 சி.சி. (1.3 லிட்டர்) பெட்ரோல் எஞ்சின், நிமிடத்துக்கு 3500 சுற்றில் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். எடை குறைந்த அந்த வண்டிக்கு, 26 அங்குலத்தைச் சற்றே தாண்டிய அசல் டயர் இருக்கும்வரை இது பெரிய குறையாகத் தெரியாது. 31 அங்குல டயர் ஏறியதும் நிலைமை மாறிவிடுகிறது. விட்டம் சுமார் 18 விழுக்காடு கூடுவதால், அதே எஞ்சின் அதே கியரில் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைகிறது. இந்த இழப்பை எப்படி மீட்பது என்ற கேள்வியில்தான் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்துவதா, பெரிய எஞ்சினுக்கு மாறுவதா என்ற விவாதம் வழக்கமாகத் தொடங்குகிறது. ஆனால் எஞ்சினைத் தொடுவதற்கு முன் கியர் கணக்கை முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாமுராயின் முதல் கியர் விகிதம் 3.652, முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸின் லோ ரேஞ்ச் (மெதுவோட்டத்துக்கான கியர்) 2.268, அச்சிலுள்ள டிஃபரென்ஷியல் 3.727. மூன்றையும் பெருக்கினால் 31-ஐ ஒட்டி வருகிறது. 31 அங்குல டயருடன், எஞ்சின் 800 சுற்றில் ஓய்வாக ஓடும்போதே வண்டி மணிக்கு ஏறத்தாழ 3.9 கி.மீ. வேகத்தில் நகரும். பாறைமேல் ஒரு சக்கரத்தை மெல்ல ஏற்றி வைப்பதற்கு இது அதிக வேகம்; கிளட்சை அரைத்துத்தான் சமாளிக்க வேண்டியிருக்கும். லோ ரேஞ்ச் கியரை 4.16 விகிதத்துக்கு மாற்றியபின் மொத்தப் பெருக்கம் 56-ஐத் தாண்டியது. ஓய்வுச் சுற்றில் வேகம் 2.1 கி.மீ. ஆனது. பாறையில் இருந்த சிக்கல் அதோடு தீர்ந்தது. பழைய 1.3 எஞ்சினே எந்தத் திணறலும் இல்லாமல் ஏறியது. பாறைக்காகவே எஞ்சினை மாற்ற நினைப்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு மிஞ்சியிருந்த குறை, டிரான்ஸ்பர் கேஸின் வேகமான நிலையான ஹை ரேஞ்சில் இருந்தது. மணலிலும் ஆழமான சேற்றிலும் சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். லோ ரேஞ்சில் அந்த வேகம் கிடைக்காது, ஹை ரேஞ்சில் எஞ்சினுக்கு மூச்சு போதவில்லை. இங்கேதான் டர்போ என்ற எண்ணம் நியாயமாக எழுகிறது. முதலில் காகிதத்தில் கணக்கிட்டேன். 0.4 பார் அழுத்தம் என்றால் உள்ளே போகும் காற்றின் அழுத்தம் 1.4 மடங்கு. ஆனால் அழுத்தப்படும் காற்று சூடாகிறது: டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரெசரின் செயல்திறனை 65 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 27 டிகிரியில் நுழையும் காற்று 74 டிகிரி அளவில் வெளியேறும். சூட்டால் அடர்த்தி குறைவதைக் கழித்தால், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாதபோது உண்மையில் கிடைக்கும் கூடுதல் காற்று 21 விழுக்காடுதான். சுசுகியின் 1590 சி.சி. எஞ்சின் 1324 சி.சி.யைவிட 20 விழுக்காடு பெரியது. எந்தச் சுற்றிலும், எந்த நொடியிலும் அந்தக் கூடுதல் கொள்ளளவு அங்கேயே இருக்கும். இன்டர்கூலர் வைத்தால் டர்போ முந்தும் என்பது சரிதான். ஆனால் மெதுவாக ஊரும் வண்டியில் இன்டர்கூலர்மீது காற்றோட்டம் மிகக் குறைவு, அதன்மீது சேறு படிந்துவிட்டால் அதுவும் இல்லை.

கணக்கை மட்டும் நம்பி முடிவெடுக்க விரும்பவில்லை. நண்பர் ஒருவர் இதே வண்டியின் 1.3 எஞ்சினுக்குச் சிறு டர்போ பொருத்தியிருந்தார். அதை மணலில் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார். அந்த டர்போ 2500 சுற்றுக்கு மேல்தான் உருப்படியான அழுத்தம் தந்தது. சுற்று ஏறிவிட்டால் வண்டி பாய்ந்தது, அதை மறுப்பதற்கில்லை. தொல்லை கியர் மாற்றும்போது வந்தது. சாமுராயில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் (1.947) இடையே பெரிய இடைவெளி உண்டு: முதல் கியரில் 3500 சுற்றில் மாற்றினால், இரண்டாவதில் எஞ்சின் 1870 சுற்றுக்கு இறங்கிவிடும். தார்ச்சாலைக்கான கணக்கு இது. மணலில் கிளட்சை மிதித்திருக்கும் அந்தச் சிறு இடைவெளிக்குள் வண்டியின் வேகமும் விழுவதால் சுற்று இன்னும் கீழே போகிறது. டர்போ விழித்துக்கொள்வதற்குள் சக்கரம் புதைந்துவிடுகிறது. அதைத் தவிர்க்க முதல் கியரிலேயே அலறவிட்டு ஓட்டினால் எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள் மேலே ஏறுகிறது. அவருடைய டர்போவைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்த கியர் இடைவெளியும் அந்த அழுத்தத் தொடக்கமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

கார்புரேட்டரும் ஒரு தடை. டர்போவின் அழுத்தம் கார்புரேட்டர் வழியாகச் செல்லும் அமைப்பில், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் மிதவை அறைக்கும் அதே அழுத்தம் கொடுக்க வேண்டும். எரிபொருள் பம்பின் அழுத்தமும் அதற்கேற்பக் கூடவேண்டும். அழுத்தம் ஏறும்போது தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளாவிட்டால் எரிபொருள் கலவை கட்டுமீறி வெடித்து எஞ்சின் தட்டும். இவை அனைத்தும் செய்யக்கூடியவைதாம். ஆனால் ஒவ்வொன்றும் தடத்தின் நடுவே பழுதாகக்கூடிய இன்னொரு பொருள்.

ஆகவே 1.6 எஞ்சினைத் தேர்ந்தேன், அதிலும் எட்டு வால்வு வகையை. பதினாறு வால்வு வகை 95 குதிரைத்திறன் தருகிறது, எட்டு வால்வு 80 மட்டுமே என்பதால் பலரும் முதலாவதையே விரும்புவார்கள். ஆனால் உச்ச முறுக்குவிசையைப் பாருங்கள்: பதினாறு வால்வில் 133 நியூட்டன் மீட்டர் 4000 சுற்றில் வருகிறது, எட்டு வால்வில் 127 நியூட்டன் மீட்டர் 3000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. ஆறு நியூட்டன் மீட்டரை விட்டுக்கொடுத்து ஆயிரம் சுற்றை மிச்சப்படுத்துவது இந்த வண்டிக்கு இலாபம். பழைய 100-உடன் ஒப்பிட்டால் இது 27 விழுக்காடு கூடுதல். பெரிய டயர் தின்ற 15 விழுக்காட்டை ஈடுகட்டியபின்னும் அசலைவிட 8 விழுக்காடு மேலே நிற்கிறது.

பழைய 1.3-ம் இந்த 1.6-ம் சுசுகியின் ஒரே ஜி வரிசை எஞ்சின்கள் என்பதால் பழைய கியர்பாக்ஸ் அப்படியே பொருந்தியது. எஞ்சின் மவுண்டுகளை மாற்ற வேண்டியிருந்தது. அதிகக் கவனம் கேட்டது எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்தான்: இலைவில் (லீஃப் ஸ்பிரிங்) அமுங்கி முன் அச்சு மேலேறும்போது சம்ப்பில் இடிக்கக்கூடாது. ஜாக்கியால் அச்சை இரு பக்கமும் மாறி மாறித் தூக்கி இடைவெளியை அளந்து, அதன்பின் தடுப்பு ரப்பரின் உயரத்தைக் கூட்டினேன். ஒயரிங் வேலை அலுப்பானது, அதை விவரிக்கப் போவதில்லை. எஞ்சினோடு, கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனும் வந்ததால், மின்சார எரிபொருள் பம்பும் டேங்குக்குத் திரும்பும் குழாயும் தேவைப்பட்டன.

இப்போது அதே மணலில் இரண்டாம் கியருக்கு மாறியபின் வண்டி தயங்கினாலும் நிற்பதில்லை. 1800 சுற்றிலும் பிடித்து இழுக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் அணைந்துபோகும் பழைய பழக்கமும் போய்விட்டது. ஆனால் அந்தப் பெருமையை எஞ்சினின் அளவுக்குக் கொடுக்க முடியாது: சாய்வில் மிதவை அறையின் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குவதுதான் அதற்குக் காரணம், இன்ஜெக்‌ஷனில் மிதவை அறையே கிடையாது.

உயரமான மலைப்பாதைகளே பிரதானம் என்றால் என் முடிவு மாறியிருக்கும். 3000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைப்போல் சுமார் 70 விழுக்காடுதான். என் எஞ்சின் அங்கே ஏறத்தாழ 30 விழுக்காடு சக்தியை இழக்கும், டர்போவோ பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளும். தொழிற்சாலையிலேயே டர்போவுக்கென்று வடிவமைக்கப்பட்ட வண்டியும் வேறு கதை. 2018-இல் வந்த ஜிம்னி ஜப்பானில் 658 சி.சி. டர்போவுடன் விற்கப்படுகிறது, 96 நியூட்டன் மீட்டரை 3500 சுற்றில் தருகிறது. பிற நாடுகளுக்குச் செல்லும் 1.5 லிட்டர் எஞ்சின் டர்போ இல்லாமலே 130 நியூட்டன் மீட்டர் தருகிறது. அந்தச் சிறிய எஞ்சினின் அளவை முடிவுசெய்தது ஜப்பானின் கெய் எனப்படும் சிறு வண்டிகளுக்கான 660 சி.சி. வரம்பு, தடத்தின் தேவை அல்ல.

மீதமிருப்பது முன் அச்சு. 31 அங்குல டயர், 4.16 லோ ரேஞ்ச், 27 விழுக்காடு கூடுதல் முறுக்குவிசை ஆகிய மூன்றும் சேர்ந்து கடைசியில் திருப்பிய நிலையிலும் முன்சக்கரங்களுக்குச் சக்தியைக் கடத்தும் சி.வி. ஜாயின்ட்டுகள்மேல்தான் விழுகின்றன, இந்த வண்டியில் முதலில் முறியும் இடம் அதுதான் என்பது ஓட்டுபவர்கள் அறிந்தது. வலுவான ஜாயின்ட்டுகளை வாங்கிவைத்திருக்கிறேன், இன்னும் பொருத்தவில்லை. அதுவரை ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிய நிலையில் லோ ரேஞ்சில் ஆக்சிலரேட்டரை அழுத்துவதில்லை. பின்னால் வந்து, சக்கரத்தை நேராக்கி, மறுபடி ஏறுகிறேன்.