மஞ்சளும் நுரையீரல் புற்றுநோய் உயிரணுக்களும்

மஞ்சளிலுள்ள குர்குமின் நுரையீரல் புற்றுநோய் உயிரணுக்களைக் கொல்கிறது என்ற செய்தி நம் புலனக் குழுக்களில் ஓயாமல் சுற்றி வருகிறது. பினாங்கு லிட்டில் இந்தியாவின் கடைகளில் குர்குமின் மாத்திரைக் குப்பிகளுக்கும் குறைவில்லை. செய்தி பொய்யல்ல, அத்தகைய ஆய்வுகள் ஏராளமாக வெளிவந்திருக்கின்றன. எந்த உயிரணு, எங்கே வைத்து, எவ்வளவு குர்குமின் என்ற விவரம் மட்டும் அதில் இருப்பதில்லை. உயிரணு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

இந்த ஆய்வுகளில் அடிக்கடி பயன்படுவது ஏ549 என்னும் உயிரணு வகை. 1972-இல் 58 வயது ஆடவர் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட அது, இன்றளவும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கிறது. 37 டிகிரி வெப்பத்தில், இளஞ்சிவப்பு ஊட்டநீரில் வளரும் இந்த உயிரணுக்களை 96 குழிகள் கொண்ட தட்டில் பகிர்ந்து விட்டு, குழிக்குக் குழி குர்குமினின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஓரிரு நாள் கழித்து எம்டிடி என்னும் மஞ்சள் நிறச் சாயத்தை இடுவார்கள். உயிரோடிருக்கும் உயிரணு அதை ஊதாவாக மாற்றும், செத்தது மாற்றாது. குர்குமின் அதிகம் விழுந்த குழிகளில் ஊதா வெளிறிக்கொண்டே போவதைப் பார்த்தால் யாருக்கும் உற்சாகம் வரும். ஆனால், குர்குமினே அடர்ந்த மஞ்சள் நிறமுடையது, ஒளிரக்கூடியது. அளக்கும் கருவியை அது குழப்பலாம் என்பதால், உயிரணுவே இல்லாத குழியிலும் குர்குமினை இட்டு ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிடாத கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

அளவுதான் பெரிய சிக்கல். தட்டில் உயிரணுக்கள் சாவது பெரும்பாலும் 10 மைக்ரோமோலாரிலும் (நீர்மத்தில் ஒரு பொருள் எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் அலகு) அதற்கு மேலும்தான். 2001-இல் வெளிவந்த தைவான் ஆய்வு ஒன்றில், நாள்தோறும் 8 கிராம் குர்குமின் உட்கொண்டவர்களின் இரத்தத்தில் அதன் உச்ச அளவு சராசரியாக 1.77 மைக்ரோமோலாரைத்தான் எட்டியது. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடு என்று கொண்டால், 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கும் அதிகமான மஞ்சள் வேண்டும். எந்த மீன் குழம்பும் அதைத் தாங்காது. உள்ளே போவதிலும் பெரும்பகுதியைக் குடல் சுவரும் கல்லீரலும் உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் உடல் ஏற்கும் குர்குமினின் அளவு வெகுவாகக் கூடுகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல் கண்டறிந்தனர். குப்பிகள் பலவற்றில் கருமிளகுச் சாறு இடம்பெறுவது அதனால்தான்.

தாவரத்திலிருந்து மருந்து வராது என்பதல்ல என் வாதம். நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியையே பாருங்கள். ஜமைக்காவில் நீரிழிவுக்குக் குடிக்கப்பட்ட அதன் இலையை 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் எலிகளிடம் சோதித்தபோது, சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளையணுக்கள் சரிந்தன. அந்தத் தடத்தில் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து. அதே செடியின் வேதிப்பொருள்களிலிருந்து உருவாக்கப்பட்ட வினோரெல்பின், 1994-இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஏற்கப்பட்டது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் அது தடுக்கிறது. மில்லிகிராம் கணக்கில் அளந்து இரத்தக் குழாய் வழியாக ஏற்றி, வெள்ளையணுக்களை எண்ணிப் பார்த்த பிறகே அடுத்த தவணையைத் தருகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு இலையைப் பறித்துக் கொதிக்க வைத்துவிடாதீர்கள், அது நஞ்சு.

இயற்கைப் பொருள் என்பதால் கெடுதல் இருக்காது என்பவர்கள் பின்லாந்து ஆய்வைக் கவனிக்க வேண்டும். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டீன் நுரையீரலைக் காக்கும் என்று நம்பி, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு அது நடத்தப்பட்டது. 1994-இல் முடிவு வெளியானபோது, அந்த மாத்திரையை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டது.

மலேசியாவில் 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி, ஒரு பொருள் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. ஆகவே குப்பியில் அப்படி எழுதியிருக்காது. விற்பவர் வாய்மொழியாகச் சொன்னால்தான் உண்டு. சிகிச்சையில் இருப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது கருமிளகுச் சாற்றைத்தான். எர்லோட்டினிப், கெஃபிட்டினிப் போன்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரைகளைக் கல்லீரலில் சிதைக்கும் சிப்3ஏ4 என்னும் நொதியைப் பைப்பரின் தடுக்கக்கூடியது. அதனால் மருந்து உடலில் அளவுக்கு மீறித் தேங்கலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.