வடக்கன்குளம் கோயிலில் ஒரு முற்பகல்

வள்ளியூரில் பஸ் மாறி வடக்கன்குளத்தில் இறங்கியபோது ஆடிக்காற்று அத்தையின் முக்காட்டைப் பிடித்து இழுத்தது. அத்தை ஒரு கையால் முக்காட்டைப் பிடித்தார்; மறு கையில் இருந்த பொட்டலத்தை விடவில்லை. உப்பும் மிளகும். முட்டுவலி குறைந்தால் கொண்டுவந்து போடுவதாக நேர்ச்சை.

எனக்கு வேறு ஆசை. 2022 மே 15-இல் தேவசகாயத்துக்கு ரோமில் புனிதர் பட்டம் கொடுத்ததிலிருந்தே, அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் ஒரு நாள் ஜெபிக்க வேண்டும் என்று இருந்தேன். ஞானஸ்நானத்துக்கு முன் அவர் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் அரண்மனை அலுவலர். மனம் நொந்திருந்த காலத்தில் டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். அப்புறம் திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டி இங்கே வந்து, 1745 மே 14-இல் இயேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியது அரண்மனைக்குப் பொறுக்கவில்லை. 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி ஞானப்பூ அம்மாள் கடைசிவரை வாழ்ந்து அடக்கமானதும் இந்த வடக்கன்குளத்தில்தான்.

அதே ஊரில், 127 வருஷம் கழித்து, 1872-இல் எழுந்த கோயிலைப் பார்த்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. பீடம் ஒன்றுதான். அதிலிருந்து கவட்டைக் கம்பு போல இரண்டு நீள மண்டபங்கள் பிரிந்து போகின்றன. கால்சட்டைக் கோயில் என்றே பெயராகிவிட்டது. ஒன்று வெள்ளாளருக்கு, மற்றது நாடாருக்கு என்று இருந்தது. சேர்ந்து உட்கார மாட்டோம் என்ற சண்டைக்கு அன்றைக்குக் கண்ட சமாதானம் அது. பூசை இரண்டு பக்கமும் தெரியும். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. ஆண்டவர் சந்நிதியில் இப்படி ஒரு ஏற்பாட்டுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ!

இரண்டு பக்கத்தையும் பிரித்த நடுச்சுவரை 1910-இல் இடித்தவர் கௌசானல் அடிகளார். அவரை நினைத்துத் தனியாக ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். இடித்ததை எதிர்த்துப் போட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சுவர் மறுபடி எழும்பவில்லை.

பீடத்தடியில் முழங்காலிட்டுவிட்டு, எழும்போது திரும்பிப் பார்த்தேன். அங்கே நின்றால்தான் இரண்டு மண்டபமும் ஒன்றாகக் கண்ணில் விழுகின்றன. அத்தையிடம் விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ அந்தப் பக்கமும் கொஞ்சம் இருந்துட்டுப் போவோம் மக்கா" என்றார்.

கையை ஊன்றி எழுந்து, மெதுவாக நடந்து, அடுத்த மண்டபத்தில் உட்கார்ந்தார். ஜெபமாலையை விட்ட மணியிலிருந்து தொடர்ந்தார்.