மூணு சென்டிமீட்டர்

தீம் பார்க் டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு, அதில் ஒட்டகச்சிவிங்கி வரைந்து வைத்திருந்தார்கள். அதன் முட்டிக்கு நேராக 90 என்று ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். என் பையனுக்கு மூணரை வயசு. செருப்பைக் கழற்றிவிட்டு நிறுத்தினோம். கவுன்டரில் இருந்த பையன் வெளியே வந்து தலைமேல் பலகையை இறக்கினான். தொண்ணூற்றி நாலு.

"அது குடுமிங்க சாமி. குடுமிய அளந்துட்டு உசரம்னு சொன்னா எப்படிங்க?" என்றார் என் மாமியார்.

தம்பிக்குப் பழனியில் முடி இறக்குவதாக வேண்டுதல். ஆடி கழிந்துதான் போவதாக இருக்கிறோம். அதுவரை கத்தரி வைக்கக் கூடாது என்பதால் முடி கண்ணில் விழுந்துகொண்டே இருக்கும். அத்தை அதை அள்ளி உச்சியில் ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தியிருந்தார். இப்போது அங்கேயே ரப்பர் பேண்டை உருவினார். ரெண்டு உள்ளங்கையாலும் மண்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்பப் பாருங்க" என்றார். தொண்ணூற்றி ஒண்ணு.

அதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. எனக்கு வேலை கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில், டெஸ்டிங்கில். அளவு அரை மில்லிமீட்டர் தப்பினாலும் இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுற்றுகிற சக்கரத்தை, திருப்பி அனுப்புகிறவன். அந்தப் பையனிடம் எந்த முகத்தோடு சண்டை போடுவது? குழந்தை டிக்கெட் 750, பெரியவர்களுக்கு 950. மூத்தவர்களுக்குச் சலுகை உண்டு என்று பலகையில் எழுதியிருந்தது. ஆனால் அத்தையின் ஆதார் அட்டை வீட்டில் டிவி ஸ்டாண்டு மேல் பத்திரமாக இருந்தது. மொத்தம் 4,350 ரூபாய், உள்ளே காலை வைக்க.

எந்தப் பார்க் என்று சொல்லப்போவதில்லை. கோயமுத்தூரைச் சுற்றி நாலஞ்சு இருக்கின்றன, எல்லாவற்றிலும் கதை ஏறக்குறைய இதுதான். ஏழு மணிக்குக் கிளம்புவதாக இருந்து எட்டே முக்காலுக்குக் கிளம்பியது, தம்பி காரில் வாந்தி எடுத்தது எல்லாம் உங்கள் வீட்டிலும் நடப்பதுதான், விட்டுவிடுகிறேன்.

அடுத்த தடை சாப்பாடு. அத்தை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளிச்சோறும் தயிர்சோறும் கட்டியிருந்தார். உருளைக்கிழங்கு வறுவல் வேறு. பையைத் திறந்து பார்த்த செக்யூரிட்டி அம்மா, "வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டோமுங்க" என்றார். தூக்குவாளி ரெண்டும் காருக்குத் திரும்பிப் போயின. மே மாச வெயிலில், மூடிய காருக்குள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க, எதைத் தின்றாலும், தின்று முடித்ததும் பார்க்கிங் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தார்.

பாப்பாவுக்கு ஆறே முக்கால் வயசு. ரெண்டாம் வகுப்பு போகப்போகிறாள். பள்ளிக்கூடத்தில் கூட்டாளி ஒருத்தி கொலம்பஸில் ஏறி வந்த கதையைச் சொல்லியிருக்கிறாள், அதிலிருந்து மூணு மாசமாக வீட்டில் கொலம்பஸ்தான். தெரியாதவர்களுக்கு: கப்பல் மாதிரி ஒன்று, ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஏறி இறங்கும். தேர்த்திருவிழாக் கடைவீதியிலும் இருக்கும். அங்கே உயரம் கிடையாது, எடை கிடையாது, இருபது ரூபாய் கொடுத்தால் ஏற்றிவிடுவார்கள். இங்கே வாசலில் மறுபடி ஒரு கம்பம். அதில் 120.

பாப்பா போய் நின்றாள். நூற்றிப் பதினேழு.

குதிகாலைத் தூக்கினாள். ஆபரேட்டர் பையன் சிரித்துக்கொண்டே, "கால் கீழ வைங்க பாப்பா" என்றான். அவள் நகரவில்லை. இந்தக் கம்பம் தப்பு, வேறு இடத்தில் அளக்கலாம் என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அடுத்த ரைடில் அளந்தால் நூற்றிப் பதினெட்டு! அங்கே தரையில் சிமெண்டு கொஞ்சம் மேடு தட்டியிருந்ததைப் பார்த்தேன், சொல்லவில்லை. மூணாவது இடத்தில் நூற்றிப் பதினாறரை. "பாருங்கப்பா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சொல்லுது" என்றாள். டெஸ்டிங்கில் வேலை செய்கிறவன் மகள், வேறென்ன பேசுவாள். காலிபரேஷன் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். எந்தக் கம்பத்தைச் சரிசெய்தாலும் அவள் நூற்றி இருபது வரப்போவதில்லை.

ஏன் விடமாட்டார்கள் என்று கொலம்பஸ் முன்னால் உட்கார்ந்து விளக்கினேன். ஒரு வரிசைக்கு ஒரே கம்பிதான் மடிமேல் இறங்கும். அது அந்த வரிசையில் யார் வயிறு பெரிசோ அங்கே போய் நின்றுவிடும். பக்கத்தில் அப்பா உட்கார்ந்தால் கம்பி அப்பா தொப்பையில் தட்டி நிற்கும். உனக்கும் கம்பிக்கும் நடுவே முக்கால் அடி இடைவெளி இருக்கும். கப்பல் மேலே போய் இறங்கும்போது உடம்பு சீட்டைவிட்டு எழும்பும், அப்போது அந்த இடைவெளியில் நழுவிவிடுவாய். கவனமாகக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"அப்ப நீங்க போயிட்டு வாங்க. வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

எனக்கு நாற்பத்தொரு வயசு. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று டாக்டர் ரெண்டு தலையணை கூட வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் ஆறே முக்கால் வயசுப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? ஏறினேன்.

கப்பல் உச்சிக்குப் போய் ஒரு நொடி நிற்கும் பாருங்கள், அப்போது கீழே தெரிந்தாள். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, மேல்நோக்கி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்ததும் விசாரணை. வயிறு எங்கே போச்சு? மேல போனதா, பின்னால போனதா? முன்னாடி சீட்டுக்காரங்க கத்துனாங்களே, நீங்க ஏன் கத்தல?

"கத்துனேன் சாமி."

"பொய். கடைசியில கண்ண மூடிட்டீங்க. மூடினா எப்படித் தெரியும்? அது கணக்குல வராது."

திரும்ப ஏறினேன். கண்ணைத் திறந்துகொண்டு.

இப்படி அன்றைக்கு அவள் உயரத்துக்கு எட்டாத ஆறு ரைடில் நான் போய்வந்தேன். நாலாவது ரோலர் கோஸ்டர். சங்கிலி மேலே இழுக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம் வரும், அது என்ன என்று முன்கூட்டியே கேட்டு அனுப்பினாள். பல்தான் அது. வண்டி பின்னால் நழுவாமல் ஒவ்வொரு படியாகப் பிடித்துக்கொண்டே போகும், சங்கிலி அறுந்தாலும் அந்தப் பல்லில் நின்றுவிடும் என்று வந்து சொன்னேன். அது தெரிந்த எனக்கே மேலே போகும்வரை அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்றுதான் இருந்தது. அதைச் சொல்லவில்லை. "நல்லா இருந்துச்சு" என்றேன். "நல்லான்னா?" என்றாள்.

பெரியவர் கூட இருந்தால் அவளையும் விட்ட ஒரே பெரிய சாமான் ராட்சச ராட்டினம். மேலே போனதும் சுற்றிலும் தென்னந்தோப்பு, அக்கட்டால மலை. இதை முதலில் செய்தது யார் என்று கேட்டாள். 1893-இல் அமெரிக்காவில் சிகாகோ கண்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெரிஸ் என்கிற இன்ஜினியர் செய்தார், 264 அடி உயரம், 36 பெட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் 60 பேர் போகலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 60 பேர் போகிற பெட்டி என்றால் நம்மூர் டவுன்பஸ் மாதிரி. அதுவே வட்டமாகச் சுற்றுகிறது, நினைத்துப் பாருங்கள். அவள் நினைத்துப் பார்த்தது வேறு. "அங்க உசரம் பாத்தாங்களா?" என்றாள்.

தண்ணீர்ப் பக்கம் போக நைலான் டிரெஸ் கட்டாயம். எங்களிடம் இல்லை, அங்கேயே வாடகைக்கு எடுத்தோம். இதில் அவர்கள் மேல் தப்பில்லை. சறுக்கில் ஓடுகிறது மெல்லிய தண்ணீர்ப் படலம், அதன்மேல்தான் உடம்பு வழுக்கிப் போகிறது. பருத்தித் துணி அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு அங்கங்கே பிடித்து நிற்கும். போதாததற்கு நூல் பிரிந்து ஃபில்டரில் போய் அடைக்கும். இதை அத்தையிடம் சொன்னபோது, "அதெல்லாம் சரிங்க மாப்பிள்ளை, நான் சீலையோடவே இருந்துக்கறேன்" என்று பைகளை வாங்கிக்கொண்டு ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

என் மனைவியைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லையே என்று தோன்றலாம். காரணம், அவள் என் கண்ணில் படவில்லை. "சித்த நேரம் இவனப் பாருங்க" என்று தம்பியை என் கையில் கொடுத்துவிட்டு நீலச் சறுக்கில் ஏறினவள்தான். யாரென்றே தெரியாத நாலு காலேஜ் பெண்களோடு கூட்டுச் சேர்ந்து ஏழு தரம் ஏறி இறங்கியிருக்கிறாள். எட்டாவது தரம் ஏறப் படிக்கட்டில் ஓடும்போது நான் கையாட்டினேன். அவளும் ஆட்டினாள், ஓடிக்கொண்டே.

ஆக, 750 ரூபாய் டிக்கெட்காரர் என் இடுப்பில். அவருக்கு எதிலும் அனுமதி இல்லை. அலைக் குளத்தில் சங்கு ஊதினதும் ஜனம் மொத்தமும் கத்திக்கொண்டு ஓடியது. இவன் என் கழுத்தை, அந்தத் தேய்ந்த கழுத்தைத்தான், இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போலாம் என்று அலறினான். ஒன்றுமில்லை சாமி, அந்தச் சுவருக்குப் பின்னால் அறை இருக்கிறது, ப்ளோயர் காற்றை அடித்து உள்ளே இருக்கிற தண்ணீரை அமுக்குகிறது, விட்டதும் தண்ணீர் திரும்ப ஏறுகிறது, அவ்வளவுதான் என்று அவனுக்கும் விளக்கினேன். காதில் விழவில்லை. கரைப் பக்கம், கணுக்கால் அளவுத் தண்ணீரில், யாரோ விட்டுப்போன பேப்பர் கப் ஒன்று கிடைத்தது. தண்ணீரை மொண்டு என் முட்டியில் ஊற்றினான். மறுபடி மொண்டான், ஊற்றினான். ஒரு மணி நேரம் இது நடந்தது. எனக்கு அங்கே வேறு கவலை. பம்ப் ரூம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம், ஒரு மோட்டாரில் பேரிங் கத்துகிற சத்தம் நன்றாகக் கேட்டது. இன்னும் ஒரு மாசம் தாங்கினால் அதிகம். அந்தப் பக்கம் வந்த ஊழியர் ஒருவரிடம் சொன்னேன். "பாட்டு சத்தமுங்க சார்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டு வரிசை முக்கால் மணி நேரம். ரெண்டு பிரியாணி, ரெண்டு தோசை, ஒரு தயிர்சாதம், 1,140 ரூபாய். தயிர்சாதத்தை ஒரு வாய் வைத்துவிட்டு அத்தை பார்க்கிங் பக்கம் பார்த்தார்.

நாலு மணி வாக்கில் புங்கமரத்தடிக்குப் போனால் அத்தையைக் காணோம். பைகளும் இல்லை. போன்கள் எல்லாம் லாக்கரில். பாப்பா முதன்முறையாக அழ ஆரம்பித்தாள், "அம்மாயி தொலஞ்சு போச்சு" என்று. பிள்ளைகள் காணாமல் போனால் மைக்கில் சொல்வார்கள், மாமியாருக்கு என்ன சொல்லிக் கேட்பது? அரை மணி நேரம் தேடினோம். குடை ராட்டினத்துக்கு அந்தப் பக்கம், தாராபுரத்திலிருந்து வந்த இன்னொரு பாட்டியோடு உட்கார்ந்து நெல்லி ஊறுகாய்ப் பக்குவம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கத்தை, அங்கியேதான இருக்கச் சொன்னேன்?"

"நெழல் நகந்துச்சுங்க மாப்பிள்ளை. நானும் நகந்தேன்."

பொழுதோட ஆறரைக்கு வெளியே வந்தோம். தயிர்சோற்று வாளியைத் திறந்த வேகத்தில் மூடினோம். புளிச்சோறு கெடவில்லை. காரின் பின்கதவைத் திறந்து வைத்து நின்றபடியே ஆளுக்கு ஒரு கை அள்ளித் தின்றோம். "நல்லெண்ணெய் கூட ஊத்தியிருந்தேன், அதான்" என்றார் அத்தை. அன்றைக்கு அவர் முகம் தெளிந்தது அப்போதுதான். அவினாசி ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நின்றபோதெல்லாம் எனக்கு உடம்பு மட்டும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. நாலு பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் லீவு போட்டேன்.

பாப்பா இப்போது தினமும் சாயங்காலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறாள். தொங்கினால் உயரம் கூடும் என்று யார் சொன்னார்களோ. கதவு நிலையில் பென்சில் கோடு போடுவது என் வேலை. டேப் வைத்து அளக்கச் சொல்கிறாள், கண் மட்டம் கூடாதாம்.

இன்னொன்று. நாலு நாள் கழித்து ஈரத்துணிப் பையை உதறும்போது ரப்பர் வளையத்தில் கோத்த லாக்கர் சாவி விழுந்தது, 214-ஆம் நம்பர். போனை எடுத்த அவசரத்தில் சாவியைத் திருப்பிக் கொடுக்காமலே வந்துவிட்டோம். டெபாசிட் 200 ரூபாய் அவர்களிடம். கூப்பிட்டுக் கேட்டேன். நேரில் கொண்டுவந்து கொடுத்தால்தான் பணம் தருவார்களாம். "கவுன்டர் உள்ளயா, வெளியயா?" என்று கேட்டேன்.

உள்ளேதானாம்.