சென்னையில் எங்களுக்கும் ஒரு கோயில்

தூத்துக்குடியை விட்டுக் கிளம்பிய அன்று எங்கள் கோயிலின் பனிமய மாதா சிலை முன் மண்டியிட்டு அழுதேன். 1555இல் கடல் கடந்து வந்த அந்தச் சுரூபத்தின் காலடியில்தான் எனக்கு ஞானஸ்நானம், முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை, கல்யாணம் எல்லாம். அம்மாவின் அடக்கப் பூசையும் அங்கேதான். கண்ணை மூடுவதற்கு முன் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மகளே, மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கோயிலைப் பார். நங்கூரம் போடாத தோணியாய் அலையாதே."

மே மாதம் சென்னைக்கு வந்தோம். முதல் ஞாயிறு சாந்தோம். இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறைமேல் எழுந்த பேராலயம். கல்லறைச் சிற்றாலயத்தில் உட்கார்ந்தவள் நேரம் போனதே தெரியாமல் இருந்துவிட்டேன். அடுத்த வாரம் பரங்கிமலை. முழங்கால் வலியோடு படிக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி ஏறினேன். 1547இல் கண்டெடுத்த அந்தக் கற்சிலுவையைப் பார்த்ததும் வலி மறந்தது. ஆனாலும் இரண்டும் உலகமே வந்து வணங்கும் இடங்கள். நாங்கள் தேடியது எங்கள் பங்கை, அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கென்று இருக்கும் கோயிலை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, மாதாவுக்குரிய நாள் என்று இன்னொரு மாதா கோயிலுக்குப் போனதை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. மெழுகுவத்திக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். இருநூறு ரூபாய் கொடுத்தால் வரிசையில் நிற்காமல் உள்ளே விடுகிறேன் என்றான் ஒருவன். பெற்ற தாயைப் பார்க்கப் பிள்ளை காசு கொடுப்பதா? நெரிசலில் மகளின் செருப்பு போனதுதான் மிச்சம்.

பிறகு ஒரு பெரிய பங்குக் கோயிலில் ஆறு ஞாயிறு, ஒரே தூணருகில் உட்கார்ந்தோம். எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பரவாயில்லை, பழகிவிடும் என்று நினைத்து அம்மாவின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு அங்கேயே பெயர் எழுதிக் கொடுத்தேன். ஜூலை 27. ஊரில் பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள். காலைப் பூசையில் பெயர்களை வாசித்தார்கள். அம்மாவின் பெயர் வரவில்லை. கடைசிவரை காத்திருந்தேன், வரவேயில்லை. திரும்பும்போது பஸ்ஸில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

அன்று மாலை மனம் தாங்காமல் நடந்தேன். வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு தகரக் கொட்டகைக் கோயில் உண்டு. புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டி, மணலும் ஜல்லியுமாய்க் கிடந்த இடம். தினமும் அதைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போவேன், உள்ளே நுழைந்ததில்லை. மாலைப் பூசைக்கு முப்பது பேர் இருப்பார்கள். கோயிலில் சாமியாருக்கு உதவியாய் இருக்கும் வயதான உபதேசியார் என் கண்களைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "என்னம்மா?" என்றார். சொன்னேன். ஒரு காகிதத்தை நீட்டி, "பெயரை எழுதிக் கொடுங்கள். முதலெழுத்தையும் சேர்த்து எழுதுங்கள்" என்றார். பிழை வரக் கூடாதென்று உதட்டுக்குள் இரண்டு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டு பீடத்துக்குப் போனார்.

சாமியார் அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினார். அந்த அமைதியில் மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

பூசை முடிந்ததும், மாதாவைப் பல பெயர்களால் அழைத்து 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் சொல்லும் மாதா மன்றாட்டு மாலை. எங்கள் ஊர் ராகம்! 'விடியற்காலத்தின் நட்சத்திரமே' என்று வந்தபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்பாவின் வள்ளம் கரை திரும்பாத நாள்களில் அம்மா இருட்டோடு எழுந்து, கடலைப் பார்த்தபடி அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். கொட்டகைச் சுவரோரம் மரப்பெட்டிமேல் நின்ற சிறிய மாதா சுரூபம் ஓர் அடி உயரம்கூட இருக்காது. நீலச் சாயம் தோள்பட்டையில் உரிந்திருந்தது. தாயே, இத்தனை நாளாய் மூன்று தெரு தள்ளி எனக்காகவா காத்திருந்தீர்!

அந்த வாரமே பங்கின் அக்கம்பக்கக் குழுவான அன்பியத்திலிருந்து இரண்டு அக்காமார் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்து எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டு போனார்கள். வரும் சனிக்கிழமை பீடத்துக்குப் பூ வைப்பது எங்கள் முறை. ஊரிலிருந்து தம்பி வருகிறான். இந்தப் பங்கில் சேர ஊர்ப் பங்குச் சாமியார் தரும் கடிதத்தோடு அம்மாவின் ஜெபமாலையையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். மாதாவே, உமக்குக் கோடி நன்றி. மரியே வாழ்க!