அப்பாவும் ஒன்றரை இஞ்சி ஓட்டையும்

இதை எழுதும்போது ரெண்டு காலிலும் கம்பளி சாக்ஸ், மடியில் வெந்நீர்ப் போத்தல். இடுப்புக்குக் கீழே உயிர் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. எல்லாப் புகழும் கட்டார் மச்சானுக்கே.

போன தடவை கார்கோவில் ஏசி அனுப்பிய அதே மச்சான்தான். இலங்கை மலைநாட்டுக் குளிரில் கிடக்கிற மஸ்கெலியாவுக்கு ஏசி! அது இப்போது கோழிக்கூட்டுத் தகரம் காற்றில் பறக்காமல் இருக்க மேலே பாரமாக உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தடவை நீச்சல் தொட்டி. முதலாளி வீட்டில் பெட்டி பிரிக்காமலே தூக்கிப் போட்டார்களாம். தரைக்கு மேலே நிற்கிற வகை, 12 அடி வட்டம், சுற்றிவர இரும்புத் தகட்டுச் சுவர், உள்ளே விரிக்க நீல நிற வினைல் லைனர். "ஏப்ரல் லீவுக்குப் பிள்ளைகள் குளிக்கட்டும்"னு வாய்ஸ் மெசேஜ் வேறு. தலைக்குத் தண்ணி ஊத்துறதுக்கு முன்னால் குடும்பமே கூடி முடிவெடுக்கிற ஊருய்யா இது.

எங்கள் பக்கம் 12 அடி சமதரை கிடைப்பதும் லொத்தர் விழுவதும் ஒன்றுதான். இருந்த ஒரே சமதரை அம்மாவின் லீக்ஸ் பாத்தி. அம்மா மூணு நாள் என்னோடு பேசவில்லை. மச்சானோடு மட்டும் வாட்ஸ்அப்பில் சிரித்துச் சிரித்துப் பேசினார். மருமகனாச்சே.

அப்பாதான் சமாதானம் சொன்னார். "மவுஸ்ஸாக்கலைக்கு அணை கட்டுனப்ப பழைய மஸ்கெலியா டவுனையே தண்ணிக்குள்ள போட்டாங்க. தண்ணி கொறைஞ்சா கோயில் இன்னமும் தெரியும். இவன் உன் லீக்ஸைத்தானே போடுறான்." இதைக் கேட்ட அம்மா அப்பாவோடும் பேச்சை நிறுத்திவிட்டார்.

சுவரை நிறுத்தியது பெரிய விஷயமில்லை. லைனரைப் பிரித்தோம் பாருங்கள், அங்கேதான் வினை. காலை நேரக் குளிரில் அது முந்தின நாள் ரொட்டி மாதிரி விறைத்து நின்றது. வெயிலில் போட்டால்தான் இளகும். வெயில் வந்து, அது இளகி, நாங்கள் கை வைக்கிற நேரம் பார்த்து ரெண்டு மணிக்கு இடியோடு மழை. ரெண்டு நாள் இதே கூத்து.

அப்புறம்தான் தெரிந்தது, சுவரில் ரெண்டு ஓட்டை இருக்கிறது, லைனரில் ஒன்றுகூட இல்லை. சதுர ஓட்டை ஸ்கிம்மருக்கு, அதாவது மேலே மிதக்கிற குப்பையை இழுக்கிற பெட்டிக்கு. வட்ட ஓட்டை ஃபில்டரிலிருந்து தண்ணி திரும்பி வருவதற்கு. லைனரில் அந்த ஓட்டைகளை நாமே கத்தி வைத்து வெட்ட வேண்டும். தண்ணி நிற்பதற்காகவே செய்த ஒரு சாமானில் நம் கையாலேயே ஓட்டை போடுவது! கிழிந்தால் கிழிந்ததுதான்.

பணிய லயத்து, அதாவது கீழே இருக்கிற தோட்ட லைன் வீட்டு, பைப் அண்ணன், அதுதான் நம் வீட்டு டாய்லட் பைப்பை மூணு தடவை சரிசெய்து மூணு தடவையும் ஒழுக விட்டவர், "காஞ்சிருக்கப்பவே வெட்டிருவோம் தம்பி, லேசு" என்றார். நான் வீடியோ பார்த்தவன். ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரைக்கும் முதலில் தண்ணி நிரப்ப வேண்டும். தண்ணியின் பாரத்தில் லைனர் இழுபட்டு, சுவரோடு படிந்து, தன் இடத்தில் உட்காரும். அதுக்கு முன்னால் வெட்டினால், பிறகு இழுபடும்போது வெட்டின இடம் ஒரு பக்கம், சுவர் ஓட்டை ஒரு பக்கம் என்று போய்விடும். இதைச் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், நான் படித்த படிப்பெல்லாம் வீண் என்பது தெரிந்தது.

சரி, தண்ணி. மலையிலிருந்து வருகிற பங்கு ஓஸ், நாலு வீட்டுக்குப் பொது. 3 அடி ஆழத்துக்கு நிரப்ப ஏறக்குறைய 9,500 லீட்டர். மற்ற மூணு வீட்டுக்கும் ஒன்றரை நாள் தண்ணி இல்லை. அந்த ஒன்றரை நாளில் எங்கள் குடும்பத்தின் பூர்வீகம் பற்றி நானே கேள்விப்படாத பல தகவல்கள் வேலிக்கு மேலால் வந்து சேர்ந்தன.

தண்ணி பாதி ஏறின பிறகுதான் பார்த்தேன், ஸ்கிம்மருக்கு ரெண்டு கேஸ்கட், அதாவது தண்ணி ஒழுகாமல் இருக்க வைக்கிற ரப்பர், வேண்டும், பெட்டியில் ஒன்றுதான். லைனருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் லைனர் சாண்ட்விச் மாதிரி. பஸ் பிடித்து ஹட்டன் போனேன். ஒரு கடையில் "லைனருக்கு கேஸ்கட் வேணும்" என்றதும் உடனே "லேலண்டா, டாட்டாவா?" என்றார்கள். பூல் லைனர் என்றேன். "அப்படி ஒரு லொறி இல்லையே தம்பி."

வெறுங்கையோடு வந்தால் அப்பா ஒரே போடு போட்டார். "லைன்ல பொறந்தவனுக்கு லைனர் கேக்குது." ஆனால் சொல்லிவிட்டு எழுந்து போய், பழைய லொறி டியூப் ஒன்றை எடுத்து வந்தார். கோயில் கலண்டரில் மார்ச் மாதத்தைக் கிழித்து, ஸ்கிம்மர் பிளேட்டை அதன்மேல் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தார். அந்த அளவுக்கு டியூபை வெட்டினார். ஆணி ஓட்டைகள் அத்தனையும் மயிரிழை பிசகவில்லை.

இன்று காலை நான் தண்ணிக்குள் இறங்கினேன். "இறங்கினேன்" என்று எழுதுவது லேசாக இருக்கிறது. தொடை வரைக்கும்தான் தண்ணி. அதுக்கே குலதெய்வத்தின் பேர் மறந்துபோனது. பைப் அண்ணன் எலெக்ட்ரிக் ஸ்குரூ டிரைவரோடு வந்து முதல் ஸ்குரூவை ஒரே இழுப்பில் இறுக்கித் தலையை மழித்துவிட்டார். அதோடு அவரை டீ குடிக்க அனுப்பினேன். மிச்சத்தைக் கையாலேயே, ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதுக்கு எதிர் மூலையில் என்று மாற்றி மாற்றி இறுக்கினேன். பிளேட் முழுசாக இறுகின பிறகுதான் கத்தி.

கத்தியை எடுத்தால் என் கை பல்லோடு சேர்ந்து ஆடுகிறது.

"ஏய், தள்ளு" என்றார் அப்பா.

உத்திரத்தில் சாக்குத் துணியில் சுற்றிச் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்திருந்தார். 26 வருசம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின கை. இப்போது அந்த விரல்கள் டீக் கோப்பையைப் பிடிக்கவே ஒத்துழைப்பதில்லை. வெளியே ஸ்டூல் போட்டு ஏறி, சுவருக்கு மேலால் உள்ளே குனிந்தார். பெருவிரலால் லைனரை நீவி, பிளேட்டின் உள் விளிம்பைத் தேடிக்கொண்டார். "செடியில வாது பிளந்துச்சுன்னா அந்தக் காலத்துல கணக்கப்பிள்ளை பேர் வெட்டிருவாரு, அன்னிக்குச் சம்பளம் இல்ல. சாய்ச்சு, ஒரே இழுப்பு." நடுவில் ஒரு குத்து. அப்புறம் விளிம்பை ஒட்டி நாலு இழுப்பு. வெட்டுப்பட்ட நீலத் துண்டு கிழிசல் இல்லாமல் என் கையில் விழுந்தது. வட்ட ஓட்டைக்கு நான் சொன்னபடி ஓட்டையைவிடச் சின்னதாக ஒரு குறுக்குக் கீறல் மட்டும். ஃபிட்டிங்கை உள்ளிருந்து தள்ளினேன், இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனது.

பைப் மாட்டுவதுதான் மிச்சம். ரெண்டுமே ஒன்றரை இஞ்சி. ரெண்டு சுற்று சுற்றும், மூணாவதில் சிக்கும். பைப் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு திருகப் போனார், நல்லவேளை பிடித்துக்கொண்டேன். நம்ம கடைச் சாமானில் இருக்கிற திருகுப் புரி வெள்ளைக்காரன் அளவு, இஞ்சிக்கு 11. இந்த ஃபிட்டிங் அமெரிக்காக்காரன் புரி, இஞ்சிக்கு 11 அரை. அந்த அரைப் புரிக்காக எத்தனை பேர் சாமானை உடைத்தார்களோ. கடைசியில் ரப்பர் ஓஸ் சொருகி, கிளிப் போட்டு முடித்தோம்.

சாயங்காலம் மச்சான் வீடியோ கால். "யாரு மொதல்ல குளிச்சது?"

நான்தான், சாரத்தோடு. பிள்ளைகள் ஒரு விரலை முக்கிப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு ஓடியவர்கள் திரும்பி வரவேயில்லை. அம்மா வாளியோடு வந்து மிச்சமிருந்த லீக்ஸுக்கு அதிலிருந்து தண்ணி மொண்டு ஊற்றினார். வேலிக்கு அந்தப் பக்கத்து அக்காவும் குடத்தோடு வந்தார், எதுவும் பேசாமல்.

அப்பா மட்டும் ஸ்கிம்மருக்கு அடியில் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் விரலை எனக்குத் தூக்கிக் காட்டுவார். காய்ந்திருந்தது.

ராத்திரி உத்திரத்தைப் பார்க்கிறேன், கத்தியைச் சுற்றியிருந்த சாக்குத் துணியைக் காணோம். அந்த நீலத் துண்டில் சுற்றி, நூல் கட்டிச் செருகியிருக்கிறார். வெட்டின துண்டைப் பத்திரப்படுத்தினால் நாளைக்கு லைனர் பொத்தலானால் ஒட்டுப்போட உதவும் என்று நான்தான் காலையில் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். திருப்பிக் கேட்கவில்லை.