காடா, காது, கடன்: துணிப்பைத் தொழிலுக்குள் வந்த கதை

துணிப்பை தைக்கப் போகிறேன், என்ன மெஷின் வாங்கலாம் என்று கேட்டு வரும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது, மெஷினை இப்போதைக்கு வாங்காதீர்கள் என்பதுதான். பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் யூனிட்டுக்குக் கிடையாது. கணவன், மனைவி இருவரில் ஒருவர்தான் வாங்க முடியும். அதனால் யார் பெயரில் விண்ணப்பிப்பது என்பதை வீட்டில் முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் என் பெயரில் போட்டோம். காரணம் எளிமையானது: கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்ணுக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம். அதே கிராமத்தில் பொதுப் பிரிவு ஆணுக்கு மானியம் 25 சதவீதம், கைப்பணம் 10 சதவீதம். நகர்ப்புறத்தில் மானியம் இரண்டு பேருக்குமே பத்துப் பத்து சதவீதம் குறையும்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். மாவட்டத் தொழில் மையத்தைத் தேர்வு செய்து அனுப்பினேன். அதற்கு முன்னால், குறு, சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவை எடுத்துக்கொண்டேன். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், கட்டணம் எதுவும் இல்லை. இதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன, அரசின் முகவரியில்தான் போடுகிறோமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

திட்ட அறிக்கையில்தான் விஷயமே இருக்கிறது. பவர் மெஷின், ஓவர்லாக், கட்டிங் டேபிள் என்று கொட்டேஷன்களை அடுக்கிவிட்டு, துணி வாங்கும் பணத்தை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். நிலத்தின் விலையை அறிக்கையில் சேர்க்க முடியாது. ஆனால் நடைமுறை மூலதனத்தைச் சேர்க்கலாம், சேர்த்தே ஆக வேண்டும். துணிப்பை விலையில் பாதிக்கு மேல் துணிதான். துணிக்கு ரொக்கம் கொடுத்து வாங்குகிறோம், பைக்குப் பணம் பின்னால் வருகிறது. இந்த இடைவெளியைத் தாண்டுகிற பணம் கடனுக்குள் இல்லையென்றால், மெஷின் இருக்கும், தைக்கத் துணி இருக்காது.

வங்கி மேலாளர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “தைச்சிடுவீங்கம்மா, சரி. யார் வாங்குவாங்க?” ஒரு ஜவுளிக்கடையும் ஒரு கல்யாண மண்டபமும் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்திருந்த கடிதங்களை எடுத்து வைத்தேன். இந்த அளவில், இந்தத் துணியில், மாதம் இத்தனை பை வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. அறிக்கையின் மற்ற பக்கங்களைப் புரட்டியவர் அந்தக் கடிதங்களை உட்கார்ந்து படித்தார். கடன் வருவதற்கு மாதக்கணக்கில் ஆனது, ஆனால் இழுபறி இல்லை. என்னைக் கேட்டால், விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரம் கடை கடையாக ஏறி இந்த மாதிரிக் கடிதம் வாங்குவதுதான் எந்தப் பயிற்சியையும்விட முக்கியம்.

இன்னொன்று. மானியம் கையில் வராது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று வருடம் வைப்பாக இருக்கும், அந்தத் தொகைக்குச் சமமான கடனுக்கு வட்டி போட மாட்டார்கள். யூனிட் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகு, கடனில் கழித்துக்கொள்வார்கள். எனவே மாதத் தவணையைக் கணக்குப் போடும்போது மானியத்தை வருமானமாக எண்ணிவிடக் கூடாது.

சரி, துணிக்கு வருவோம். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த பகுதி இது.

நாங்கள் வாங்குவது காடா. தறியிலிருந்து இறங்கியபடியே, வெளுக்காமல், சாயம் போடாமல் வரும் பருத்தித் துணி. பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிகளில் ஓடுவது பெரும்பாலும் இதுதான். ஈரோடு ஜவுளிச் சந்தையிலும் பார்த்து வாங்கலாம். காடாவில் கஞ்சி இருக்கும். கையில் தொட்டால் மொடமொடப்பாக, கனமான துணி போலத் தெரியும். கஞ்சி போனபின் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. எனக்கு முதன்முதலில் துணி கொடுத்த வியாபாரியே அதைச் சொன்னார்: “அம்மிணி, யாருகிட்ட வாங்குனாலும் ஒரு துண்டத் தண்ணியில போட்டு அலசிப் பாத்துட்டு அப்புறமா வெல பேசுங்க.” அவரிடம் வாங்கும் துணியையும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

இதற்கு ஒரு சின்ன வேலை போதும். துணியில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, நகை நிறுக்கும் சின்னத் தராசில் வையுங்கள். வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 1.8 கிராம் என்றால் 180. அதே துண்டை வெந்நீரில் ஊறவைத்து, கசக்கி, காயவைத்து, திரும்ப நிறுங்கள். எடை எவ்வளவு குறைந்தது என்பது கஞ்சி. ஓரங்கள் எவ்வளவு உள்வாங்கின என்பது சுருக்கம். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு பேரம் பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

வெட்டுவதில்தான் லாபம் இருக்கிறது என்று தைக்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். எப்படி என்று என் கணக்கைக் காட்டுகிறேன். மளிகைக்குப் போகும் என் பை 13 அங்குல அகலம், 15 அங்குல உயரம். அடியில் தையல் இல்லாமல் ஒரே துண்டை மடித்துத் தைப்பது. பக்கத் தையலுக்கு அரை அரை அங்குலம் விட்டால் துண்டின் அகலம் 14. வாய் மடிப்புக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் விட்டால் நீளம் 33. காடாவின் அகலம் 63 அங்குலம். குறுக்கே நான்கு துண்டு வெட்டினால் 56 போகும், 7 மிஞ்சும். அந்த ஏழை மூன்றரை மூன்றரையாக இரண்டு பட்டை ஆக்கினால், ஒரு பட்டையில் இரண்டு காது (பையின் கைப்பிடி), அதாவது ஒரு பைக்கான காது கிடைக்கிறது. ஒன்பது வரிசை வெட்டினால் 36 பைத் துண்டும் 18 பைக்குக் காதும் வந்துவிடும். பத்தாவது வரிசையை முழுக்க மூன்றரை அங்குலப் பட்டைகளாக வெட்டினால் சரியாகப் பதினெட்டு பட்டை, மீதி 18 பைக்கும் காது ஆச்சு. பத்து வரிசைத் துணியில் 36 பை, கீழே விழும் துணி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பையின் அகலத்தை ஒரே ஒரு அங்குலம் கூட்டிப் பாருங்கள், மிச்சம் மூன்றே அங்குலமாகி இந்தக் கணக்கு கலைந்துவிடும். வாடிக்கையாளர் 14 அங்குலப் பை கேட்டால் நான் 13-ஐக் காட்டி, பொருளை உள்ளே வைத்து, இது போதுமே என்று பேசிப் பார்ப்பது இதனால்தான். சாயம் போட்டு வரும் மஞ்சள் துணி 58 அங்குலம் போலத்தான் இருக்கும். அதற்குக் காதுக்கென்று தனியாகத் துணி ஒதுக்கிவிட வேண்டும்.

வெட்டும்போது பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல், பையின் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். எடையைத் தாங்குவது பாவு. மிச்சம் பிடிக்கிறேன் என்று துண்டைத் திருப்பிப் போட்டு வெட்டிய பை, கொஞ்ச நாளில் தொங்கிப்போகும்.

கடையின் பெயர் அச்சிட வேண்டியிருந்தால் தைப்பதற்கு முன்பே அச்சிட்டுவிடுகிறோம். அச்சு பிசகினால் ஒரு துண்டோடு போகும், முழுப் பை வீணாகாது. நம் பை ஒரே துண்டு என்பதால் இரண்டு முகமும் ஒரே துண்டில் எதிரெதிராக இருக்கும். ஒரு பக்கம் அடித்தபின் துண்டைத் திருப்பி வைத்து மறுபக்கம் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மடித்தபின் ஒரு முகத்தில் எழுத்து தலைகீழாக நிற்கும். அச்சு மை வெயிலில் காய்ந்துவிட்டதே என்று விடக் கூடாது. சூடு ஏற்ற வேண்டும். இஸ்திரிப் பெட்டியாவது வைத்துத் தேய்த்து எடுத்தால்தான் துவைக்கும்போது நிற்கும்.

இனி காது. பை எங்கே கிழிகிறது என்று வீட்டில் இருக்கும் பழைய பைகளைப் பாருங்கள், பெரும்பாலும் காது பொருத்திய இடம்தான். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, புவி வெப்பமாதல் கணக்கில் சாதாரண பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று சொன்னது. பருத்தி விளைவிக்கத் தண்ணீர், உரம், நூற்க மின்சாரம், நெய்ய மின்சாரம். எல்லாம் சேர்ந்தால் அப்படித்தான் வரும். வாரம் ஒரு தடவை சந்தைக்குப் போகிற வீட்டில் 131 தடவை என்றால் இரண்டரை வருடம். இதைப் படித்த அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இரண்டரை வருடம் உழைக்காத பையைத் தைத்துவிட்டு சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று விற்க எனக்கு மனசு வராது.

அதனால் எங்கள் பட்டறையில் காது பொருத்துவதற்கு ஒரே முறைதான். பட்டையை நான்காக மடித்து இரண்டு ஓரமும் தையல். நுனியை வாய் மடிப்புக்குள் நுழைத்து, மேலே நிமிர்த்தி, சதுரமாக ஒரு தையல், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போல இரண்டு தையல். ஊசி 16-ம் நம்பர், கனமான துணிக்கு 18. அங்குலத்துக்கு எட்டிலிருந்து பத்துத் தையல். அதைவிட நெருக்கமாகப் போட்டால் ஊசி துணியைப் பொத்தல் பொத்தலாக்கிப் பலத்தைக் குறைத்துவிடும். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பையை எடுத்து ஐந்து கிலோ அரிசி போட்டு ராத்திரி முழுக்க ஆணியில் மாட்டி வைக்கிறோம். காலையில் காதுப் பக்கம் துணி நூல் விலகியிருந்தால் அந்த லாட் முழுவதும் மறுபடி மெஷினுக்கு. நூல் மட்டும் பாலியஸ்டர். பருத்தி நூல் பவர் மெஷினின் வேகத்தில் அடிக்கடி அறுகிறது. கேட்கிறவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

விலைதான் பெரிய போராட்டம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. அப்புறம் கோயம்பேடு சந்தையிலும் வேறு பல இடங்களிலும் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரங்கள் வந்தன. மக்கள் மறுபடி பையைக் கையில் எடுத்தார்கள், அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். கூடவே, பத்து ரூபாய் என்பது எல்லாருடைய மனதிலும் பையின் விலையாகப் பதிந்துவிட்டது. கனமான காடாவில், இரட்டைத் தையல் காதோடு அந்த விலைக்கு என்னால் தர முடியாது. கடைக்காரர்களிடம் பழைய பை ஒன்றையும் புதுப் பை ஒன்றையும் சேர்த்தே கொண்டு போகிறேன். இரண்டு வருடம் என் வீட்டில் துவைத்துப் புழங்கிய பையில் அச்சு இன்னும் படிக்கும்படி இருப்பதைப் பார்த்ததும், அவ்வளவு நாளும் கடையின் பெயர் தெருவில் நடந்துபோகும் என்பது அவர்களுக்கே புரிகிறது.

இன்னொரு போட்டி நான்-ஓவன் பை. துணி போலவே இருக்கும், மலிவு, பலர் அதைத் துணி என்றே நம்புகிறார்கள். அது பாலிபுரொப்பிலீன், பிளாஸ்டிக்தான். தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. யாராவது அதைக் காட்டி இதே விலைக்குக் கொடுங்கள் என்றால், ஒரு ஓரத்தை நறுக்கித் தீக்குச்சி காட்டுவேன். உருகிச் சொட்டும். காடாத் துண்டு எரிந்து சாம்பலாகும். அதற்கு மேல் பேச்சு தேவைப்படுவதில்லை.

வியாபாரம் முகூர்த்தத்தோடு ஓடுகிறது. தை, வைகாசி, ஆவணியில் தாம்பூலப் பைக்குத் தூக்கம் கிடையாது. மார்கழியிலும் புரட்டாசியிலும் மளிகைப் பை தைத்து அடுக்குகிறோம். தைக்க வருகிற அக்காக்கள் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறார்கள். ஆர்டர் குறைந்த மாதத்திலும் அவர்களுக்கு வேலை இருந்தால்தான் சீசனில் வருவார்கள். அதனால் இந்த இருப்பு வைப்பதை நான் செலவாக நினைப்பதில்லை.

பாக்கி வசூல் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய கடை, பெயர் வேண்டாம், சரக்கை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைய விட்டது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, நம்மைப் போன்ற பதிவு பெற்ற குறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதோடு, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, காலத்துக்குள் கொடுக்காத தொகையை அவர்கள் அந்த வருட வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. இதை அந்தக் கடையின் கணக்குப்பிள்ளையிடம் பணிவாக எடுத்துச் சொன்னேன், மார்ச்சுக்கு முன்னால் பணம் வந்தது. இப்போது என் பில்லிலேயே உத்யம் எண்ணும் 45 நாள் கெடு பற்றிய வாசகமும் அச்சிட்டிருக்கிறது. புது வாடிக்கையாளரிடம் துணிக்கான பணத்தை முன்பணமாக வாங்காமல் வெட்டத் தொடங்குவதில்லை.

பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்றாலும், பெங்களூருக்கோ கேரளாவுக்கோ ஒரு மூட்டை அனுப்புவதாக இருந்தால் பதிவு கட்டாயம். வெளிமாநில ஆர்டர் கேட்டு அழைப்புகள் வருவதால் நானும் அதை எடுக்கப் போகிறேன். இந்த வாரம் பல்லடம் போய் ஆவணிக்கான துணியைப் பார்க்க வேண்டும். நம் பையில் காது அறுந்தால் எத்தனை வருடம் ஆனாலும் கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் தைத்துத் தருகிறோம்.